தமிழில் டாக்டர்களை உருவாக்கிய அமெரிக்கர்

வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குக் கடைவீதி பாஷை ஆறு மாதத்தில் வந்துவிடும். பஸ் கண்டக்டரிடமும் காய்கறிக்காரரிடமும் சமாளித்துவிடலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் திண்டாட்டம். வயிற்றில் குத்துகிறதா, குடைகிறதா, பிசைகிறதா, எரிகிறதா என்று நம் ஊரில் ஒரு நொடியில் சொல்லிவிடுவோம். இங்கே கையால் தொட்டுக் காட்டி, வலி என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். நோயாளிதான் டாக்டரின் பாஷையைத் தேடி அலைய வேண்டும் என்பது உலக வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்ப முயன்ற டாக்டர் ஒருவர் நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இருந்தார். அவர் தமிழர் அல்ல, அமெரிக்கர். பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன். யாழ்ப்பாணத்தார் கிறீன் என்று எழுதுவார்கள். அங்கே படித்தவர்கள் வீட்டில் இன்றைக்கும் தெரிந்த பெயர்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரத்தில், கிரீன் ஹில் என்ற குடும்பப் பண்ணையில் 1822 அக்டோபர் 10-ந் தேதி பிறந்தார். வீட்டில் பதினொரு பிள்ளைகள். அவர்களில் ஆண்ட்ரூ என்ற அண்ணன் பிற்காலத்தில் நியூயார்க்கில் பெரிய புள்ளி ஆனார். அந்நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தம்பி சாமுவேல் அதே நியூயார்க்கில் வைத்தியம் படித்து 1845-ல் டாக்டர் ஆனார். அங்கேயே இருந்திருந்தால் அவரும் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ அமெரிக்க மிஷனில் சேர்ந்து 1847-ல் கப்பலேறினார். அந்த ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது வயது இருபத்தைந்து.

அவருக்கு முன்பே அங்கே ஒரு மிஷன் டாக்டர் வந்து போயிருந்தார். அவர் ஜான் ஸ்கட்டர். வேலூர் ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் பாட்டனார். ஆகவே யாழ்ப்பாணத்தாருக்கு ஆங்கில வைத்தியம் அடியோடு புதிதல்ல. வைத்தியனின் பாஷைதான் புதிது.

மானிப்பாயில்

கிரீன் முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். 1848-ல் மானிப்பாய்க்கு மாறி, அங்கே ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். ஆரம்பத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மாணவர்களும் கெட்டிக்காரர்கள். ஆனால் ஆங்கிலத்தில் படித்துத் தேறிய டாக்டர் கிராமத்தில் தங்குவாரா? அரசாங்க உத்தியோகம் கூப்பிட்டது, பட்டணம் கூப்பிட்டது. கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார்.

இது வைத்திய வகுப்புக்கு மட்டும் வந்த நோய் அல்ல. வட்டுக்கோட்டையில் மிஷன் நடத்திய பெரிய கலாசாலையையே 1855-ல் மூடிவிட்டார்கள். அங்கே படிக்க வந்தவர்கள் மதத்துக்காக வரவில்லை, ஆங்கிலம் கற்று உத்தியோகம் பார்க்கவே வந்தார்கள் என்பது மிஷனின் குறை. குமாஸ்தா வேலைக்காக ஆங்கிலம் படித்தவர்களை இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது சரியா என்பது வேறு விஷயம். பனை நிழலை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் நினைத்ததில் தப்பு என்ன?

கிரீன் இதற்கு வேறு வழி கண்டார். வைத்தியத்தையே தமிழில் கற்றுக் கொடுத்துவிட்டால், கற்றவர் தமிழ் பேசும் ஊரிலேயே இருப்பார் என்று கணக்குப் போட்டார். கணக்குச் சுலபம், காரியம் கடினம். பாடம் நடத்தப் புஸ்தகம் வேண்டும். புஸ்தகம் எழுதச் சொல் வேண்டும்.

உடம்பில் பதற்றமும் களைப்பும் மிகுந்து, பத்து ஆண்டுக்குப் பின் தாய்நாடு போனார் கிரீன். 1862-ல் மார்கரெட் என்ற பெண்ணை மணந்து, அவரோடு அதே ஆண்டில் மானிப்பாய்க்குத் திரும்பினார். 1864 முதல் வைத்திய வகுப்பு முழுக்க முழுக்கத் தமிழில் நடந்தது. அவரிடம் பயின்று டாக்டர் ஆனவர்கள் அறுபது பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

மூன்று படி

சொல் விஷயத்தில் கிரீன் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் சம்ஸ்கிருதத்தில் தேட வேண்டும். அங்கும் அகப்படவில்லை என்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு ஏற்றபடி எழுதிக்கொள்ள வேண்டும். இன்றைக்குக் கலைச்சொல் பற்றிப் பேசும் எந்தக் கமிட்டியும் இந்த மூன்று படியில்தான் ஏறி இறங்குகிறது. எந்தப் படியில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதில்தான் சண்டை.

அவர் நூல்களின் பெயரைப் பார்த்தாலே முறை விளங்கும். உடற்கூறு பற்றிய கிரே என்பாரின் பெரிய நூல் 1872-ல் மனுஷ அங்காதிபாதம் என்று வந்தது. தெய்வத்தையும் தலைவனையும் தலைமுடி முதல் பாதம் வரை வர்ணிக்கும் கேசாதிபாதம் என்ற பாட்டு வகை நமக்கு உண்டு. அங்காதிபாதம் என்ற பெயர் அதை நினைவுபடுத்துகிறது. இதே சாஸ்திரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் அனாட்டமி என்ற பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதற்கு அறுத்துப் பார்த்தல் என்று அர்த்தம். அங்கே கத்தி பெயர் வைத்தது, இங்கே கவிதை பெயர் வைத்தது.

உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் சாஸ்திரத்துக்குச் சுகரணம் என்று பெயர். கரணம் என்றால் செயல்; சு என்பது நன்மையைக் காட்டும். சுகாதாரத்துக்கு உற்பாலனம் என்று வைத்தார். பாலனம் என்றால் காத்தல். 1867-ல் வந்த அறுவை வைத்திய நூலுக்கு இரண வைத்தியம் என்று பெயர். இதற்கு அகராதியே தேவையில்லை. பிரசவ வைத்தியமும் அப்படித்தான். அது முன்பே, 1857-ல் வந்துவிட்டது. பொது வைத்திய நூலுக்கு வைத்தியாகரம் என்று பெயர். ஆகரம் என்றால் சுரங்கம். கெமிஸ்ட்ரி மட்டும் அகப்படவில்லை போலும்! வாலை வெட்டி, நம் வாலை ஒட்டி, கெமிஸ்தம் ஆக்கிவிட்டார்கள். 1875-ல் வெளிவந்த இந்நூல் அச்சானது நாகர்கோவிலில், லண்டன் மிஷன் அச்சகத்தில்.

கிரீன் தனியாளாக இதைச் செய்யவில்லை. டான்போர்த், சாப்மன் என்று அவருடைய உதவியாளர்கள் பெயரைப் படித்தால் வெள்ளைக்காரர்கள் என்று தோன்றும். எல்லாரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்களே. மிஷன் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பணம் கட்டிய அமெரிக்கக் கனவான்களின் பெயரைச் சூட்டுவது அந்தக் கால வழக்கம். பெயர் இரவல்; அவர்கள் எழுதிய தமிழ் சொந்தம். மாணவர்கள் வேட்டியை விட்டுக் கோட்டுக்கும் கால்சட்டைக்கும் மாறியதைக் கிரீன் ரசிக்கவில்லை. கிறிஸ்தவராகும் தமிழர் தமிழராகவே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மத ஊழியமே அவருக்குத் தலையாய நோக்கம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் அதை ஒளித்தவர் அல்லர்.

நரம்பு என்றால் எது?

சொல் ஆக்குவது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் நரம்பு என்ற ஒரு சொல்லை எடுத்துப் பார்க்கலாம். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது இரத்தக் குழாய். கழுத்தைத் திருப்பினால் சுளுக்கிக்கொள்வதும் நரம்பு என்கிறோம். அது தசை. மூளையிலிருந்து செய்தி கொண்டுபோவதும் நரம்பு. யாழில் கட்டிய தந்தியும் நரம்பு. திண்ணையில் உட்கார்ந்து பேச இது போதும். கத்தியைக் கையில் எடுக்கும் மாணவனுக்குப் போதுமா? எதை அறுக்கலாம், எதை அறுத்தால் கை விளங்காது, எதை அறுத்தால் உயிர் போய்விடும் என்று அவனுக்குத் தனித்தனிச் சொல்லில் தெரிந்தாக வேண்டும்.

இது தமிழின் வறுமை என்று யாரும் எண்ண வேண்டாம். கிரேக்கர்களும் நியூரான் என்ற ஒரே சொல்லால் தசைநாரையும் வில்லின் நாணையும் குறித்தார்கள். பிற்பாடுதான் அது மூளை நரம்புக்கு உரியதாயிற்று. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாயில் காற்று ஓடுகிறது என்றே அவர்கள் ஒரு காலத்தில் நம்பினார்கள். செத்த உடம்பில் அந்தக் குழாய் காலியாகக் கிடந்ததால் வந்த மயக்கம் அது. எந்தப் பாஷையிலும் சாஸ்திரச் சொல் வானத்திலிருந்து விழுவதில்லை. பழைய சொல்லைப் பிடித்து வந்து, ஒரே வேலையில் கட்டிப் போட வேண்டும். கட்டிப் போட்டதை நாலு பேர் தினமும் சொல்ல வேண்டும்.

கிரீனிடமும் குறை உண்டு. தமிழ் முதலில் என்று விதி வகுத்தவரின் நூலில் சம்ஸ்கிருதம் ஏராளமாகப் புரள்கிறது. சுகரணமும் உற்பாலனமும் கிராமத்துப் பையனுக்கு ஆங்கிலத்தைப் போலவே புதிதாக இருந்திருக்கும். ஆனால் அக்காலத்து எழுத்துத் தமிழே அப்படித்தான் இருந்தது. நாட்டு வைத்தியர்களின் ஏடுகளும் அப்படியே. அமெரிக்கர் ஒருவர் அதைத் தாண்டிப் போகவில்லை என்று கோபிப்பதில் நியாயம் இல்லை.

உடல்நலம் மறுபடி இடம் கொடுக்காததால் 1873-ல் குடும்பத்தோடு வூஸ்டர் திரும்பினார். வேலை நிற்கவில்லை. பனி பெய்யும் ஊரில் இருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். மனுஷ சுகரணம் 1883-ல் வெளிவந்தது. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கத்துக்கும் மேல்.

ஆனால் காற்று வேறு திசையில் வீசிக்கொண்டிருந்தது. 1870-ல் கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி தொடங்கியது. பாடம் ஆங்கிலத்தில். சர்டிபிகேட்டும் சம்பளமும் பதவியும் அந்தப் பக்கம் இருந்தன. கிரீனுக்குப் பிறகு தமிழ் வைத்திய வகுப்பு நீடிக்கவில்லை. படிக்க மாணவன் இல்லாவிட்டால் நாலாயிரம் பக்கம் இருந்து என்ன செய்யும்? சொல்ல வாய் இல்லாமல் சொற்கள் உதிர்ந்தன.

சேலத்தில் 1916-ல் ராஜாஜியும் நண்பர்களும் கலைச்சொல் சங்கம் வைத்தபோது, கிரீனின் முதல் நூல்கள் வந்து அறுபது ஆண்டு ஆகியிருந்தது. கடலுக்கு இருபுறமும் வேலை தனித்தனியாக நடந்ததால் சொல்லும் இரண்டானது. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய் தமிழ்நாட்டுப் பாடநூலில் தமனி, இலங்கையில் நாடி. திரும்பக் கொண்டுவருவது இங்கே சிரை, அங்கே நாளம். நாளம் நல்ல தமிழாகவே காதில் விழுகிறது. தாமரைத் தண்டையும் அப்படித்தான் சொல்வோம்.

மனுஷ சுகரணம் வெளிவந்த மறு ஆண்டு, 1884 மே 28-ந் தேதி, பிறந்த பண்ணையிலேயே கிரீன் இறந்தார். வயது 61. தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே பொறித்தார்கள். கிரீன் ஹில் பண்ணை 1905-ல் நகரத்துக்குக் கொடுக்கப்பட்டுப் பொதுப் பூங்கா ஆயிற்று. மானிப்பாயில் அவர் நடத்திய ஆஸ்பத்திரி கிரீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி என்று அவர் பெயரைத் தாங்கியது.