ஆஷி ஏரியில் விட்ட மீன்

ஜப்பான் நாட்டில் ஹக்கோனே என்று ஒரு மலைப் பிரதேசம் இருக்கிறது. எரிமலைகள் சூழ்ந்த இடம். அங்கே, கடல் மட்டத்துக்கு மேல் 700 மீட்டர் உயரத்தில், ஒரு பெரிய ஏரி. அதன் பெயர் ஆஷி ஏரி. வானம் தெளிவாக இருக்கும் நாளில், பூஜி மலையின் வெள்ளை முடி அந்த ஏரித் தண்ணீரில் தெரியும்.

1925-ம் ஆண்டு அந்த ஏரிக்குப் புதிய விருந்தாளிகள் வந்தார்கள். மனிதர்கள் அல்ல, மீன்கள்! அமெரிக்காவில் பிடித்து, கப்பலில் ஏற்றி, பசிபிக் மகாசமுத்திரத்தைத் தாண்டிக் கொண்டுவந்த மீன்கள். உயிரோடு வந்து சேர்ந்தவை நூறுகூட இல்லை.

அந்தச் சில மீன்கள் பல்கிப் பெருகின. ஜப்பானில் ஒரு பெரிய தொழில் வளர அவை காரணமாயின. ஜப்பானில் ஒரு சட்டம் பிறக்கவும் அவையே காரணமாயின.

அவற்றைக் கொண்டுவந்து விட்டவர் ஒரு கோடீஸ்வரர். பெயர் அகாபோஷி டெட்சுமா. தூண்டில் போடுகிற ஜப்பானியர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். ஆனால் அவருடைய வாழ்க்கை பலருக்குத் தெரியாது. தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளாத மனிதர் அவர்.

தந்தை தேடிய செல்வம்

அகாபோஷி 1882-ம் ஆண்டு பிறந்தார். தந்தையின் பெயர் யானோசுகே. தெற்கே சத்சுமா என்ற பகுதியைச் சேர்ந்தவர். ஜப்பான் புதிதாகக் கடற்படை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டிலிருந்து பீரங்கியும் ஆயுதமும் தருவித்துக் கடற்படைக்கு விற்றார் யானோசுகே. பணம் மழையாகக் கொட்டியது.

அந்தப் பணத்தில் அவர் அரிய பொருள்களை வாங்கிக் குவித்தார். பழைய ஓவியங்கள், தேநீர்க் கிண்ணங்கள், ஜாடிகள் என்று வீடு நிறையச் சேர்த்தார். ஜப்பானில் தேநீர் விருந்து ஒரு பெரிய சடங்கு. அதற்கான பழைய பாத்திரங்களுக்குத் தங்கத்தைவிட மதிப்பு உண்டு.

1904-ல் தந்தை இறந்தார். சொத்து முழுவதும் மூத்த மகன் டெட்சுமாவின் பொறுப்புக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது இருபதைச் சிறிது தாண்டியிருந்தது.

டெட்சுமா அமெரிக்காவில் படித்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். சகோதரர்களுக்கும் வெளிநாட்டு விளையாட்டுகளில் ஆசை இருந்தது. தம்பிகள் ஷிரோ, ரோகுரோ இருவரும் கோல்ப் ஆட்டத்தில் பெயர் பெற்றார்கள். ஜப்பானில் பல கோல்ப் மைதானங்களை அமைத்துக் கொடுத்தவர்களும் அவர்களே.

அண்ணன் மனத்தைக் கவர்ந்தது தூண்டில்.

பாயும் மீன்

அமெரிக்க ஏரிகளில் கறுப்பு பாஸ் என்று ஒரு மீன் உண்டு. அகன்ற வாய். முரட்டு உடல். தண்ணீரில் விழுந்து கிடக்கும் மரத்தின் அடியிலும், பாசி மறைவிலும் பதுங்கிக் கிடக்கும். சிறு மீனோ தவளையோ அருகில் வந்தால் ஒரே பாய்ச்சல்! நம் ஊர் விராலின் குணம் இதற்கும் உண்டு. விராலைப் போலவே ஆண் பாஸும் குஞ்சுகளுக்குக் காவல் இருக்கும்.

இந்த மீனைப் பிடிக்கக் கரையில் சும்மா உட்கார்ந்தால் போதாது. அது பதுங்கும் இடத்தைக் குறி பார்த்து இரையை வீச வேண்டும். கொஞ்சம் தவறினாலும் முள் மரத்தில் மாட்டிக்கொள்ளும். இதற்காகவே அமெரிக்கர்கள் ஒரு கருவியைச் செய்தார்கள். அதுதான் பெயிட்காஸ்டிங் ரீல். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாகாணத்தில் அதை முதலில் செய்தவர்கள் கடிகாரம் செய்கிறவர்கள்.

அது தூண்டில் கோலின் மேல் உட்காரும் ஒரு சின்ன ராட்டினம். நடுவில் குறுக்காக ஓர் உருளை. உருளையில் நரம்பு சுற்றியிருக்கும். கைப்பிடியை ஒரு தரம் சுற்றினால் உருளை பல தரம் சுற்றும். பல் சக்கரம் செய்கிற வேலை அது.

கோலை வீசியதும் இரை பறக்கும். அது இழுக்கிற இழுப்பில் உருளை வேகமாகச் சுழன்று நரம்பை விடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பறக்கும் இரையின் வேகம் குறையும். உருளையின் வேகம் குறையாது. நரம்பு தேவைக்கு மேல் வெளியே வந்து காக்கைக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். அதனால் பெருவிரலால் உருளையை மெல்லத் தொட்டு அடக்க வேண்டும். இந்தத் திறமை ஒரே நாளில் வராது.

50 லட்சம் யென்

1917-ம் ஆண்டு அகாபோஷி ஒரு காரியம் செய்தார். தந்தை சேர்த்து வைத்த கலைப்பொருள்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். மூன்று தடவையாக ஏலம் நடந்தது. வந்த தொகை 50 லட்சம் யென்னுக்கு மேல்! அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை.

மறு ஆண்டு, 1918-ல், அவர் 10 லட்சம் யென்னை எடுத்து அறிவாராய்ச்சிக்குக் கொடுத்தார். அந்தப் பணத்தில் கெய்மெய்காய் என்ற சங்கம் பிறந்தது. ஆராய்ச்சி செய்ய ஆசை இருந்தும் கையில் காசு இல்லாத அறிஞர்களுக்கு அது உதவியது. அந்தச் சங்கத்துக்கு அகாபோஷி தம் பெயரை வைக்கவில்லை.

அந்த உதவி பெற்றவர்களில் ஒருவர் காமகுரா யோஷிதாரோ. ஓக்கினாவா தீவில் சித்திர ஆசிரியராக இருந்தவர். அந்தத் தீவில் ஷூரி கோட்டை என்று ஒரு பழைய அரண்மனை இருந்தது. அதை இடித்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், காமகுரா கட்டடக்கலை அறிஞர் இத்தோ சூத்தாவிடம் ஓடினார். இத்தோ தலையிட்டு இடிப்பைத் தடுத்தார். பிறகு சங்கத்தின் பண உதவியோடு இருவரும் தீவின் கலைகளை ஆராய்ந்தார்கள். கோட்டையையும் கோவில்களையும் காமகுரா படம் எடுத்தார். கண்டதையெல்லாம் நோட்டுப் புத்தகங்களில் வரைந்தும் எழுதியும் வைத்தார்.

அந்த நோட்டுகள் என்ன ஆயின? அதைக் கடைசியில் பார்ப்போம்.

கப்பலேறி வந்த மீன்

கறுப்பு பாஸை ஜப்பானில் வளர்க்க வேண்டும் என்று அகாபோஷி விரும்பினார். வேடிக்கைக்காக மட்டும் அல்ல. பாஸ் மீன் ருசியானது. ஏரியை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் பயன்படும் என்று எண்ணினார்.

நினைத்தவுடன் எந்தக் குளத்திலும் கொண்டுபோய் விட்டுவிடவில்லை. அரசாங்கத்திடம் அனுமதி பெற்றார். இடத்தையும் யோசித்தே தேர்ந்தெடுத்தார். ஆஷி ஏரியைச் சுற்றி மலைகள். அங்கே விட்ட மீன் வேறு ஏரிகளுக்கு எளிதில் போய்விட முடியாது. இப்படிக் கணக்குப் போட்டு, 1925-ல் அந்த மீன்களை ஏரியில் விட்டார்.

மீன்கள் பிழைத்தன. குஞ்சு பொரித்தன. பெருகின. அகாபோஷியின் கணக்கில் ஒன்றே ஒன்றுதான் தவறியது. மீன் மலையைத் தாண்டாது. ஆனால் மனிதன் மீனை எடுத்துக்கொண்டு தாண்டுவான்!

கைவிட்டுப் போன சொத்து

1934-ல் டோக்கியோவை அடுத்த முசாஷினோவில் அகாபோஷி ஒரு வீடு கட்டினார். வீட்டுக்குப் படம் போட்டுக் கொடுத்தவர் அன்டோனின் ரேமண்ட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். பிறகு யுத்தம் வந்தது. 1945-ல் ஜப்பான் தோற்றது. அகாபோஷிக்குக் கொரியாவில் பெரிய பண்ணை இருந்தது; அது கைவிட்டுப் போனது. முசாஷினோ வீட்டை அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது. பின்னர் அது கன்னியாஸ்திரீகளின் மடமாயிற்று.

1951-ல் அகாபோஷி காலமானார். பாஸ் மீனைப் பற்றி அவர் எழுதி வைத்த நூல், அவர் மறைந்து 45 ஆண்டுகள் கழித்து, 1996-ல்தான் அச்சேறியது.

சைக்கிள் பட்டறையில் பிறந்த ரீல்

அவர் மறைந்த பிறகுதான் மீன்களின் கதை சூடு பிடித்தது.

1970-களில் ஜப்பானிய வாலிபர்களிடையே பாஸ் மோகம் பரவியது. உயிருள்ள புழு வேண்டாம். மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த பொய் மீன் போதும். வீசி இழுத்தால் பாஸ் ஏமாந்து பாயும். இந்த ஆட்டத்துக்கு நல்ல ரீல் வேண்டும். அப்போது அமெரிக்க, ஸ்வீடன் ரீல்களுக்குத்தான் மதிப்பு. ஜப்பானியர் அவற்றை ஆசையோடு வாங்கினார்கள்.

பிறகு நிலைமை தலைகீழாக மாறியது.

சாக்காய் நகரம் கத்திக்கும் துப்பாக்கிக்கும் பேர் போன கொல்லர் ஊர். அங்கே ஷிமானோ கம்பெனி 1921-ல் தொடங்கியது. முதலில் செய்தது சைக்கிள் ப்ரீவீல். சிறிய பல் சக்கரங்களை மயிரிழை பிசகாமல் செய்யப் பழகிய கை அது. அதே கை 1970-ல் தூண்டில் கருவிகளில் இறங்கியது. 1978-ல் பான்டம் என்ற பெயரில் பெயிட்காஸ்டிங் ரீல் வந்தது. இன்னொரு ஜப்பானியக் கம்பெனியான டைவா, 1980-களில் உருளையின் வேகத்தைக் காந்தத்தால் அடக்கும் ரீல்களைக் கொண்டுவந்தது. பின்னர் ஷிமானோ ஒரு சின்னஞ்சிறு கம்ப்யூட்டரையே ரீலுக்குள் வைத்தது. பெருவிரல் செய்த வேலையில் பாதியை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

பாஸ் மீனின் தாய்நாடான அமெரிக்காவிலேயே இப்போது ஜப்பானிய ரீலுக்கு மவுசு. ஜப்பானியக் கடைகளுக்கென்றே செய்த ரீல்களைக்கூடத் தேடித் தருவிக்கிறார்கள். அனுபவசாலிகள் விலையை முதலில் பார்ப்பதில்லை. எந்த எடை இரையை வீசப் போகிறோம் என்றுதான் பார்க்கிறார்கள். லேசான இரைக்கு லேசான உருளை வேண்டும். கனமான உருளையை லேசான இரையால் சுழற்ற முடியாது. கனமான இரைக்கும் பெரிய மீனுக்கும் உறுதியான உடலும், அதிக நரம்பு கொள்ளும் உருளையும் வேண்டும். அடுத்தது பல் சக்கரக் கணக்கு. கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை ஐந்து சுற்றுச் சுற்றினால் இழுவைப் பலம் அதிகம். எட்டுச் சுற்றுச் சுற்றினால் வேகம் அதிகம். கைப்பிடி வலப்பக்கமா, இடப்பக்கமா என்பதையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. கடைசியாக, ரீல் பழுதானால் உதிரிச் சாமான் தம் நாட்டில் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

2009-ல் ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவில், ஒரு ஜப்பானியர் 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாஸைப் பிடித்தார். 1932-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் பிடிபட்ட மீனின் உலக சாதனைக்கு அது சமமானது.

அழிந்த சிறு மீன்கள்

பிவா ஏரிக்கு பாஸ் எப்படி வந்தது? யாரும் அனுமதி கேட்டுக் கொண்டுவரவில்லை. 1974-ல் அங்கே அது கண்ணில் பட்டது. பிடித்து விளையாட ஆசைப்பட்டவர்கள் ஊர் ஊராக மீனை எடுத்துப்போய்க் குளங்களிலும் ஏரிகளிலும் விட்டார்கள்.

பதுங்கிப் பாயும் மீனை அந்தக் குளத்துச் சிறு மீன்கள் அதுவரை கண்டதில்லை. தப்பி ஓடத் தெரியவில்லை. வடக்கே மியாகி மாவட்டத்தில் இசுநூமா என்று ஓர் ஏரி. 1990-களில் பாஸ் பெருகியதும், அங்கே மீனவர்களுக்குக் கிடைத்த மீன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பாஸ் மீனைக் காவு கொடுத்தாவது சொந்த மீன்களைக் காப்பாற்ற ஊர் மக்கள் கிளம்பினார்கள். தண்ணீருக்குள் பொய்க் கூடுகள் வைத்தார்கள். பாஸ் வந்து முட்டையிடும். முட்டையோடு கூட்டைத் தூக்கி அழிப்பார்கள். தண்ணீரில் இறங்கி, குனிந்து குனிந்து செய்கிற வேலை.

2003-ல், பிவா ஏரி உள்ள ஷிகா மாவட்டத்தில், பிடித்த பாஸை மறுபடி தண்ணீரில் விடக் கூடாது என்று தடை வந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. பாஸை உயிரோடு எடுத்துச் செல்வதும், வளர்ப்பதும், வேறு இடத்தில் விடுவதும் குற்றம். மீன்பிடிச் சங்கங்கள் உரிமை பெற்றுப் பராமரித்து வந்த 4 ஏரிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. அவற்றில் ஒன்று ஆஷி ஏரி.

ராஜ குடும்பத்துக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. 1960-ல் பட்டத்து இளவரசர் அக்கிஹித்தோ அமெரிக்கா போனார். சிகாகோ மேயர் அவருக்கு ப்ளூகில் என்ற மீனைப் பரிசளித்தார். நாட்டுக்கு உணவாகும் என்று அவர் அதைக் கொண்டுவந்தார். அதுவும் பெருகி மற்ற மீன்களைத் தின்றது. 2007-ல், சக்கரவர்த்தியாக இருந்தபோது, அதற்காக அவர் வெளிப்படையாக மனம் வருந்தினார்.

அகாபோஷிக்கு அந்த வாய்ப்பு இல்லை. விளைவு தெரியும் முன்பே அவர் போய்விட்டார்.

இரண்டு விதைகள்

ஓக்கினாவாவின் ஷூரி கோட்டையை நினைவிருக்கிறதா? 1945-ல் யுத்தத்தில் குண்டு விழுந்து அது தரைமட்டமாயிற்று. காமகுராவின் படங்களும் நோட்டுகளும் தப்பின. கோட்டையை மறுபடி கட்டியபோது, கூரை எப்படி இருந்தது, வர்ணம் என்ன என்று அவற்றைப் பார்த்தே பலவற்றைத் தெரிந்துகொண்டார்கள். 1992-ல் கோட்டை மீண்டும் எழுந்தது. 2019-ல் தீ விபத்தில் மறுபடி எரிந்தபோதும், திரும்பக் கட்டுவதற்கு அந்தப் பழைய நோட்டுகள் துணை நின்றன.

அகாபோஷி போட்ட விதைகள் இரண்டு. ஒன்று பணம். அது அறிஞர் கைக்குப் போய், அழிந்த கோட்டையை எழுப்ப உதவியது. மற்றொன்று மீன். ஆஷி ஏரியோடு நின்றிருந்தால் அதுவும் நல்ல விதைதான். ஆசை பிடித்தவர்கள் கைக்குப் போனதும் அது பல குளங்களை வெறுமையாக்கியது.

இரண்டையும் நல்ல மனதோடுதான் போட்டார். இரண்டிலும் தம் பெயரைப் பொறிக்கவில்லை. ஆனாலும் மீன் மட்டுமே அவர் பெயரைச் சொல்கிறது. அவர் கொடுத்த பணத்தை அவரோடு சேர்த்து நினைப்பவர்கள் குறைவு.

அதிகாலையில் ஆஷி ஏரியில் இன்றும் படகுகள் போகின்றன. பனி மூட்டத்தில் ரீல்கள் மெல்லச் சுழலும் ஓசை கேட்கிறது. அகாபோஷி விட்ட மீன்களின் வம்சம் அந்தத் தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கிறது.