திக்கிய நாக்கு

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் கி.மு. 384-ல் பிறந்தவர் டெமாஸ்தனீஸ். 7 வயதில் தந்தையை இழந்தார். பாதுகாவலர்களே சொத்தைச் சுருட்டிவிட்டார்கள்! அந்த ஊரில் வழக்குப் போட்டவரே வாதாட வேண்டும். சுமார் 20 வயதில் வாதாடி வென்றார். கைக்கு வந்ததோ கொஞ்சம்தான்.

பிறகு மக்கள் சபையில் பேசினார். மூச்சு வாங்கியது; நாக்குத் திக்கியது. சபை சிரித்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. நிலவறை அமைத்துப் பேசிப் பழகினார். வெளியே போக ஆசை வராதிருக்கத் தலையில் பாதியை மழித்துக்கொண்டாராம். பாதித் தலையோடு யார் தெருவில் நடப்பார்? வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டும், மேட்டில் ஏறிக்கொண்டும் பேசினாராம்.

கி.மு. 339-ல் மாசிடோனியா மன்னன் பிலிப் படையுடன் நெருங்கினான். ஏதென்ஸ் நடுங்கியது. டெமாஸ்தனீஸ் தீப்ஸ் நகருக்குச் சென்று பேசினார். தீப்ஸ் மக்கள் பழைய பகையை விட்டு, ஏதென்ஸுக்குத் துணையாக வாளெடுத்தார்கள்.