பேராசிரியர் மஹலனோபிஸ்

தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்னும் ஆறுகள் கடலோடு கலக்குமிடம் நம் பகுதி. குடிகாடு தொட்டுச் சிதம்பரம் ஈறாக வாழ்வோர்க்கு வெள்ளம் புதிதன்று. 2015ஆம் ஆண்டின் பெருமழையை யாரும் மறந்திலர். வெள்ளம் வடிந்தபின் கரையை உயர்த்துக என்னும் குரல் எழுதல் இயல்பு. அத்தகைய குரல் ஒரிஸாவில் எழுந்தகாலை, முதற்கண் கணக்கை ஆராய்ந்தார் ஒருவர். அவர் சரிதையைச் சுருங்கக் கூறுவாம்.

பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அந்நகரத்துப் பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் பயின்று, 1913இல் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கிங்ஸ் கல்லூரியை அடைந்தார். அங்கே நம் கும்பகோணத்து இராமானுஜன் அவர்க்கு நண்பரானார். கம்பளிகளின் மேலே படுத்துக் குளிரால் நடுங்கிய இராமானுஜனுக்கு, அவற்றினுள்ளே நுழைந்து உறங்கும் முறையைக் காட்டியவர் இவரே. தாயகம் திரும்பும் தறுவாயில், ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழை அவர்க்குக் காட்டினார். அதன் தொகுதிகளை விலைக்கு வாங்கிய அவர் கப்பலிலேயே கற்கத் தொடங்கினார். கல்கத்தாவில் பௌதிக ஆசிரியராக அமர்ந்தும், அவருள்ளம் எண்களையே நாடிற்று.

1926இல் ஒரிஸாவின் பிராமணி ஆறு பெருக்கெடுத்தது. ஆற்றின் படுகை மேடிட்டுவிட்டது. ஆதலின் கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்றனர் பொறியியல் வல்லுநர். மஹலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டுக் கணக்குகளைத் திரட்டி ஆராய்ந்தார். படுகை உயர்ந்ததற்குச் சான்றில்லை. மேற்புறத்துப் பெய்த மிகுமழையே காரணம் என்பது புலனாயிற்று. ஆகவே மேலே அணைகட்டி நீரைத் தேக்குதலே தக்கது என்றார். காரணம் பிழைபடின் பரிகாரமும் பிழைபடும். பொருள் விரயமாவதோடு, கரையை நம்பிய குடிகளும் துயருறுவர் அன்றோ?

1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். கல்லூரியின் ஓர் அறையிலே தொடங்கிய அக்கழகத்தின் முதலாண்டுச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவே. 1936இல், இரு கூட்டத்தாரிடையே உள்ள வேற்றுமையை அளக்கும் தொலைவளவு ஒன்றை வகுத்தளித்தார். உயரமும் எடையும் பெரும்பாலும் இணைந்தே மிகுவன. அவற்றைத் தனித்தனி வேற்றுமைகளாகக் கொண்டால் ஒன்றையே இருமுறை எண்ணியதாகும். அக்குறையை நீக்குவதே அவ்வளவின் சிறப்பு.

ஒரே வினாவை இரு குழுவினர் தனித்தனியே ஆராய வேண்டுமென்பது அவர்தம் நெறி. 1960இல் வெளியிட்ட வரைபட முறையிலும் இந்நெறியையே கையாண்டார். ஒரு கூட்டத்திற்கு ஒரு கோடு மட்டும் வரையாது, தனித்தனி மாதிரிகளினின்று இரு கோடுகள் வரைதல் வேண்டும். அவற்றிடையே உள்ள இடைவெளியே பிழையின் அளவு. இரு கூட்டங்களின் வேற்றுமை அவ்விடைவெளியினும் மிகாதாயின், வேற்றுமை உண்டெனத் துணிதல் தகாது.

அவர் வழிகாட்டுதலால் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தோன்றிற்று. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு அவர் வகுத்த வழி பெருந்தொழில்களையே மிக நாடிற்று என்று குறை கூறிய அறிஞரும் உளர். 1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், தம் எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முன்னாள், அவர் மறைந்தார். ஜூன் 29ஆம் நாளை 2007 முதல் நாடு புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறது.

அன்று பலர் நாட்கணக்கில் செய்த கணக்கை இன்று ஒரு மாணவன் நொடியில் செய்யலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோற்றுவித்த ஆர் என்னும் நிரல்மொழி யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கிறது. அதனுள்ளே மஹலனோபிஸ் என்ற பெயராலேயே ஒரு கட்டளை உண்டு. தொலைவளவின் வர்க்கத்தை அது கணக்கிட்டுத் தரும்.

புதிதாய்க் கற்கும் மாணவ நண்பர்காள், நம் ஆறொன்றின் கணக்கைக் கொண்டு தொடங்குமின். மழையளவைக் கிடைக்கோட்டிலும் நீர்மட்டத்தை நிலைக்கோட்டிலும் வைத்து, ஆண்டுக்கொரு புள்ளி இடுமின். முன்னாண்டுகளை ஒரு நிறத்தாலும் பின்னாண்டுகளை மற்றொரு நிறத்தாலும் குறிமின். ஒரே அளவு மழைக்குப் பின்னாண்டுப் புள்ளிகள் மேலே நிற்குமாயின், ஆற்றிலோ கரையிலோ மாறுதல் உண்டோ என ஐயுறலாம். இரண்டும் கலந்தே கிடப்பின், மழையையே நோக்குக. புள்ளியிடுதல் கருவியின் வேலை. கரையை உயர்த்துமுன் கேட்கவேண்டிய வினாவைக் கேட்டல் நம் வேலை.