கால்டுவெல் ஐயரும் எபிரேய வேதத்துத் தோகையும்

தமிழகத்தைத் தமது நாடாகவே கொண்டு வாழ்ந்த மேனாட்டாருள் கால்டுவெல் ஐயர் தலைசிறந்தவர். அவர் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி அயர்லாந்து தேசத்திற் பிறந்தார். கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் பயிலுங்கால் கிரேக்கமொழிப் பேராசிரியர் ஒருவரால் மொழிகளை ஒப்பிட்டாராயும் வேட்கை அவருள்ளத்தில் வேரூன்றியது. 1838-ஆம் ஆண்டு ஜனவரியிற் சென்னை வந்திறங்கி, 1841-ல் திருநெல்வேலிச் சீமையடைந்து, தேரிமணல் சூழ்ந்த இடையன்குடியிற் குடியேறினார்.

1856-ல் ஐயர் வெளியிட்ட திராவிடமொழிகளின் ஒப்பிலக்கணம் யாவரும் அறிந்ததே. அதன்கண் ஒரு சிறுசொல்லைப் பற்றி அவர் கூறியதையே ஈண்டு யாம் எடுத்துரைக்க விழைகின்றோம். சாலொமோன் அரசனுடைய கப்பல்கள் மூன்றாண்டுக்கொருமுறை பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொணர்ந்தன என்பது இராஜாக்கள் ஆகமத்துச் செய்தி. அவ்விடத்து மயிலுக்கு வழங்கும் எபிரேயச் சொல் 'துகி' என்பது. மயிலோ எபிரேயர் நாட்டுப் பறவையன்று; அச்சன்புதூர், தென்காசிப் பக்கத்து வயல்வரப்புகளில் இன்றும் உலவும் நம் நாட்டுப் பறவை. ஆதலின் அச்சொல் நமது 'தோகை'யே என்றும், பண்டத்தோடு பெயரும் கடல்கடந்து சென்றதென்றும் ஐயர் கருதினார். நறுமணக் கட்டையைக் குறிக்கும் 'அகலிம்' என்னும் எபிரேயச் சொல்லையும் நம் 'அகிலோடு' இயைத்துக் காட்டினார். குற்றாலத்துச் சிற்றாற்றைத் தன்னுட்கொண்டு கடல்சேரும் தாமிரபரணியின் கரையில், பண்டைத் துறைமுகமாகிய கொற்கையையும் அகழ்ந்து ஆராய்ந்தார்.

பிற்காலத்து அறிஞருட் சிலர், 'துகி' என்பது குரங்கைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லின் திரிபு என்பர். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எனினும் இருசாராரும் அச்சொல் அயலாரிடமிருந்து வந்தது என்பதில் ஒத்த கருத்தினரே.

சொற்கள் மட்டுமோ? ஐயர் வாழ்ந்த காலத்திலேயே, 1872-ல், லண்டன் மாநகரில் ஜார்ஜ் ஸ்மித் என்பார் நினிவே நகரத்துக் களிமண் ஏடுகளில் ஒரு பிரளயக் கதையைக் கண்டு வெளியிட்டார். பேழையும், தரைதேடிப் பறவைகளை விடுத்தலும் நோவாவின் சரித்திரத்தோடு ஒத்திருத்தல் கண்டு உலகம் வியந்தது. ஆயினும் பாபிலோனியர் கதையில் தேவர் பலர் வெள்ளத்தைக் கண்டு தாமே நடுங்குகின்றனர்; எபிரேயர் கதையிலோ ஏகதேவனுடைய நீதியும் உடன்படிக்கையும் விளங்குகின்றன. பழங்கதை புதுப்பொருள் பெற்றது.

1877-ல் அத்தியட்சராகிய ஐயர், 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி கோடைக்கானலிற் காலமாகி, இடையன்குடி ஆலயத்தில் அடக்கம்பெற்றார். வேதநூலைப் போதித்த அவரே அதிற் பிறமொழிச் சொல்லுண்மையை மறையாது எழுதினார். அயலாரிடம் பெறுதல் ஒரு நூலுக்கு இழுக்கன்று. பெற்றதைக் கொண்டு என் செய்தது என்பதே அதன் பெருமை. ஒரு சொல் சென்றதென்று நாம் செருக்குறுதலும் வேண்டா. மெய்யை அஞ்சாது ஆராயும் நெறியே ஐயர் நமக்கு வைத்துச்சென்ற செல்வம்.