காரியாலய நேரத்திற்கு அப்பால்

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் பல, உத்தியோகத்தின் பொருட்டு ஊரை விட்டு வந்து குடியேறியவை. காரியாலயமும் குடும்பப் பொறுப்பும் போக வேறொன்றிற்குப் பொழுது ஏது என்பது நம்மில் பலரும் சொல்லிக்கொள்ளும் சமாதானம். நம்மைப் போலவே உத்தியோகத்திற்காக வடக்கே சென்ற தமிழர் ஒருவர், பத்தாண்டுக் காலம் வாழ்ந்து காட்டி இதற்கு விடை கூறியிருக்கிறார். அவர்தாம் சர் சி. வி. ராமன்.

ராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற ராமன், மாணவராக இருந்தபோதே பௌதிக ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வெளிநாட்டுச் சஞ்சிகையில் வெளியிட்டார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல எண்ணியபோது, அந்நாட்டுக் குளிரை இவர் உடல் தாங்காது என்று வைத்தியர் தடுத்துவிட்டார். விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க அந்நாளில் இந்நாட்டில் வழியில்லை. ஆகவே நிதி இலாகாப் பரீட்சை எழுதி முதல்வராகத் தேறினார். 1907-இல் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தா சென்றார். அப்பொழுது அவருக்கு வயது 18.

நல்ல சம்பளம், நிலையான உத்தியோகம். இத்துடன் திருப்தியடைந்திருந்தால் அவரைக் குறை கூறுவார் எவருமிலர். ஆனால் ஒருநாள் டிராம் வண்டியில் செல்கையில், பௌ பஜார் வீதியில் இந்திய விஞ்ஞான அபிவிருத்திச் சங்கத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணிற்பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர் 1876-இல் நிறுவிய சங்கம் அது. கருவிகள் இருந்தன, அவற்றைக் கையாள்வோர்தாம் இல்லை. ராமன் அனுமதி பெற்று அங்கே ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

விடியற்காலை 5.30 மணிக்கு ஆய்வுக்கூடம். 9.45-க்கு வீடு திரும்பி, நீராடி, உண்டு, காரியாலயம். மாலை 5 மணிக்கு மீண்டும் ஆய்வுக்கூடம்; வீடு திரும்ப இரவு 10 மணியாகும். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அங்கேயே. கல்லூரிப் படிப்பில்லாத ஆசுதோஷ் தே என்பவர் அவருக்கு உதவியாளராக அமைந்தார். பழகாத ஊரில் இல்லறப் பாரத்தைத் தாங்கிய லோகசுந்தரி அம்மையாரின் பொறுமையும் இந்த உழைப்பில் அடங்கியதே.

இடையே ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் உத்தரவு வந்தது. மாற்றல் என்றால் என்னவென்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராமனோ நாகபுரியில் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். 1911-இல் கல்கத்தா திரும்பியதும் பழையபடி பௌ பஜாருக்கு நடந்தார்.

கல்கத்தா சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராக அழைத்தது. சம்பளமோ வாங்கிவந்ததில் ஏறக்குறையப் பாதி. ஆயினும் 1917-இல் உத்தியோகத்தைத் துறந்து அப்பதவியை ஏற்றார். குடும்பஸ்தரான ஒருவருக்கு இத்துணிவு ஒரே நாளில் வருவதன்று. பத்தாண்டுகள் நாள் தவறாமல் செய்த பணியே அந்த மனவலிமையை அவருக்குத் தந்தது.

1928 பிப்ரவரி 28-ஆம் தேதி, எளிய கருவிகளைக் கொண்டே, ஒளிச்சிதறலில் தம் பெயர் தாங்கும் விளைவைக் கண்டறிந்தார். 1930-இல் நோபெல் பரிசும் 1954-இல் பாரத ரத்ன விருதும் அவரை அடைந்தன. 1970 நவம்பர் 21-ஆம் தேதி பெங்களூரில் காலமானார்.

அந்த ஆராய்ச்சியில் உடனுழைத்த கே. எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்த தமிழர். புது தில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் தலைவர். பூசாவில் அவர் பெயர் தாங்கிய சாலை வழியே நம்மவர் பலர் போய்வருகிறோம்.

எல்லோரும் ராமன் ஆக இயலாது. ஆயினும் காரியாலயத்திற்கு முன்னும் பின்னும் உள்ள நேரம் நமக்கும் உண்டு. வீணையோ, தமிழ் நூலோ, பிள்ளைகளின் படிப்போ, விரும்பிய ஒன்றிற்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதை விடாமல் பற்றுவோமாக. வேண்டிய வலிமை தானே வந்து சேரும்.