சுரங்கத்துக்குள் இறங்கிய அம்பேத்கர்: பணியிடப் பாதுகாப்பில் யாருடைய சொல் ஏறும்?

1943 டிசம்பரில், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்த அண்ணல் அம்பேத்கர் தன்பாத் வட்டார நிலக்கரி வயல்களுக்குச் சென்றார். மேலாளர்களின் அறிக்கையோடு அவர் நிறைவடையவில்லை. நிலத்தடிச் சுரங்கத்துக்குள் இறங்கி, நிலக்கரி வெட்டப்படும் முறையை நேரில் கண்டார். தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் சென்று அவர்களது நிலையைக் கேட்டறிந்தார். அரசமைப்புச் சட்டத்தின் சிற்பி என்று அவரைப் போற்றும் நாம், இந்தத் தொழிலாளர் துறை ஆண்டுகளை அரிதாகவே நினைவுகூர்கிறோம்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்த அவர், பம்பாயின் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பெற்ற பொருளியல் கல்வி, அங்கே கண்ட வாழ்க்கையோடு சேர்ந்தே அவரது தொழிலாளர் பார்வையை உருவாக்கியது. அன்றைய பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி கூடுதலாகக் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டும். அவர்கள் வாய்பட்ட நூலைத் தொடச் சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தனர். 1928 பஞ்சாலை வேலைநிறுத்தக் காலத்தில் இந்த விலக்கைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்து, நீக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஆலைக்குள் வேலையைப் பங்கிடுவது சாதியே என்பதை அவர் அன்றே அம்பலப்படுத்தினார்.

1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் ஆகிய இரண்டையும் தொழிலாளரின் எதிரிகளாக அடையாளம் காட்டினார். தண்டவாளத்தில் உழைத்த கேங்மேன்களுக்கு மேல்நிலைப் பணிகள் ஏன் எட்டாமல் போயின என்பதையும் விளக்கினார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கிய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்துக்குத் தலைமையேற்றவர்களில் அவரும் ஒருவர்.

1942 ஜூலையில் தொழிலாளர் துறை அவர் கைக்கு வந்தது. அடுத்த மாதமே அரசு, முதலாளிகள், தொழிலாளர் என முத்தரப்பும் அமரும் மாநாடு தில்லியில் அவர் தலைமையில் கூடியது. 1944இல் நிலக்கரியின் மீது தீர்வை விதித்து, தொழிலாளரின் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றுக்கான நல நிதி உருவாக்கப்பட்டது. ஆலைகளின் வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைக்கும் திருத்தச் சட்டமும் 1946இல் நிறைவேறியது.

இந்த வரலாற்றின் கசப்பான பக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதற்கிருந்த தடையை 1943இல் அரசு நீக்கியது. துறையின் பொறுப்பாளர் என்ற முறையில் அம்பேத்கரே அதைச் சட்டமன்றத்தில் ஆதரித்துப் பேச நேர்ந்தது. ஆணுக்கு இணையான கூலியை அவர் சுட்டிக்காட்டியும் கண்டனம் ஓயவில்லை. 1946இல்தான் தடை மீண்டது. அந்த முடிவை எடுத்த அவையில் சுரங்கப் பெண் ஒருவரும் இல்லை. ஆள்பவர் எத்துணை நல்லவராயினும், ஆபத்தைச் சுமப்பவருக்கு அவையில் இடம் இல்லையெனில் முடிவு அவருக்கு எதிராகவே சாயலாம் என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

அந்த இடத்தைச் சட்டம் மெல்லவே வழங்கியது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம், நூறு பேருக்குக் குறையாத நிறுவனங்களில் பணிக்குழு அமைக்க வழிசெய்தது. அதில் தொழிலாளர் தரப்பின் எண்ணிக்கை நிர்வாகத் தரப்புக்குக் குறையக் கூடாது. 1984 போபால் பேரழிவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான செயல்முறைகள் கொண்ட ஆலைகளில் இருதரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு கட்டாயமானது. 1956 டிசம்பர் 6 அன்று மறைந்த அம்பேத்கர் இதைக் காணவில்லை. எனினும், தொழிலாளரை மேசையில் அமர்த்திப் பேசும் முறைக்கு அவரது முத்தரப்பு மாநாடு முன்னோடிகளுள் ஒன்று.

இந்த அளவுகோலை நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சங்கராபுரத்துக்குக் கொண்டுவருவோம். 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளிக்குச் சில நாள்களே இருந்தபோது, இந்த ஊரின் பட்டாசுக் கடையொன்றில் பற்றிய தீ பல உயிர்களைப் பறித்தது. இதே மாவட்டத்தின் மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. பெரிய ஆலையில் குழு அமைக்கச் சட்டம் உண்டு; ஒரு சிலர் வேலை செய்யும் கடைக்கும், ஒப்பந்தக்காரர் அழைத்துச் செல்லும் கழிவுநீர்த் தொட்டிப் பணிக்கும் அத்தகைய குழு ஏது?

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்படுவோரில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர் என்பது நாடறிந்த உண்மை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. உயிரிழப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாயாக நிர்ணயித்து, 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. இறந்தபின் கிடைக்கும் தொகை உயர்ந்திருக்கிறது. இறங்குமுன் முடியாது என்று மறுத்துச் சொல்லும் வலிமையோ, சொன்ன பிறகும் மறுநாள் வேலை இருக்கும் என்ற உறுதியோ இன்னும் கிடைக்கவில்லை.

மேலாளர் களத்துக்கு வந்து தொழிலாளரோடு பேசுவது நல்ல தொடக்கம். ஆனால் கூலியைத் தருபவரும் சாதியில் மேலே நிற்பவரும் ஒருவராகவே இருக்கும் களத்தில், அந்தப் பேச்சு கட்டளையாகச் சுருங்கிவிடும். ஆகவே பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் துப்புரவுப் பணியாளர் தாமே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளோடு மாதந்தோறும் கூடிப் பேச வேண்டும். அவர்கள் சொன்னதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். சரிசெய்யப்படாத ஆபத்துக்கு அதிகாரி பொறுப்பேற்க வேண்டும். அண்ணலின் சிலைக்கு மாலையிடும் கைகளிடம் இதையே நாம் கோருகிறோம்.