ஐரீன் கியூரியும் விஞ்ஞான நிதியும்

மேரி கியூரி அம்மையாரின் பெயரைக் கேள்விப்படாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. பேச்சுப் போட்டியென்றால் ஆண்டுக்கு இருவராவது அவரைப் பற்றிப் பேசிவிடுவார்கள். ஆனால் அவருடைய மூத்த மகளைப் பற்றிக் கேட்டால் பலரும் விழிக்கிறோம். அந்த மகளும் நோபெல் பரிசு பெற்றவர்தான். அவர் பெயர் ஐரீன் ஜோலியோ-கியூரி. பரிசு ஒருபுறம் இருக்கட்டும். 1936 ஆம் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு அமைச்சரவையில் போய் அமர்ந்தார். ஏன் போனார் என்பதுதான் இக்கட்டுரையின் செய்தி.

முதலில் தாயின் கதையில் நாம் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். போலந்திலிருந்து பாரிசுக்கு வந்து படித்த ஏழை மாணவி மேரிக்குக் கணிதப் பட்டத்துக்குப் படிக்கப் பணம் இல்லை. 1893 இல் அலெக்சாந்திரோவிச் உதவித்தொகை என்ற பெயரில் 600 ரூபிள் கிடைத்தது. அது வெளிநாட்டில் படிக்கும் போலந்து மாணவர்களுக்கென ஏற்படுத்தப்பட்டது, திருப்பித் தரவேண்டியதில்லை. ஆயினும் தமக்கு முதன்முதலாகச் சம்பாத்தியம் வந்தபோது, அந்தத் தொகையைச் சிறுகச் சேர்த்து அப்படியே திருப்பிக் கொடுத்தார் மேரி. தம்மைப் போல இன்னொரு மாணவி காத்துக்கொண்டிருப்பாள் என்ற எண்ணம் அவருக்கு. பிற்காலத்தில் கணவர் பியேருடன் மழை ஒழுகும் கொட்டகையில் ரேடியத்தைப் பிரித்தெடுத்ததையும், அந்த முறைக்குக் காப்புரிமை கேட்காமல் உலகுக்கே கொடுத்துவிட்டதையும் நாம் அறிவோம். அந்தக் கொட்டகையைப் பாராட்டிப் பேசுவது எளிது. நல்ல ஆய்வுக்கூடம் இருந்திருந்தால் அந்த வேலை பல ஆண்டுகள் முன்னதாகவே முடிந்திருக்கும் என்பதை யாரும் பேசுவதில்லை.

ஐரீன் 1897 செப்டம்பர் 12 அன்று பாரிசில் பிறந்தார். தாயும் தந்தையும் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்ததால் குழந்தையை வளர்த்தவர் தாத்தா யூஜின் கியூரி. அவர் ஒரு மருத்துவர். 1906 ஏப்ரலில் பாரம் ஏற்றிய குதிரை வண்டியில் அடிபட்டுத் தந்தை பியேர் இறந்தபோது ஐரீனுக்கு எட்டு வயது. நான்கு ஆண்டுகளில் தாத்தாவும் போய்விட்டார்.

இவர் படித்த விதம் வேடிக்கையானது. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள் சுமார் பத்துப் பேரைச் சேர்த்து, பெற்றோர்களே ஆளுக்கொரு பாடம் நடத்தினார்கள். பௌதிகம் மேரி கியூரி அம்மையார். கணிதம் பால் லாஞ்சவென். இரசாயனம் ஜான் பெரென். உலகப் புகழ் பெற்ற மூவர் பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு வாத்தியார்கள்! இரண்டு ஆண்டுகளுக்குமேல் அந்தப் பள்ளி நடக்கவில்லை. இரசாயனம் சொல்லிக்கொடுத்த பெரென் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வருவார்.

1914 இல் முதல் உலகப் போர் மூண்டது. காயம்பட்ட வீரர்களின் உடலில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று அறிய, எக்ஸ் கதிர்க் கருவி பொருத்திய மோட்டார் வண்டிகளை மேரி அம்மையார் போர்முனைக்குக் கொண்டுபோனார். பதினேழு வயது ஐரீன் தாய்க்குத் துணையாகச் சென்றார். பதினெட்டு வயதில் பெல்ஜியத்தின் ஹோக்ஸ்டாட் என்ற இடத்தில் போர்க்கள மருத்துவமனையின் எக்ஸ் கதிர்ப் பிரிவைத் தனியே நடத்தினார். குண்டு இருக்கும் ஆழத்தைக் கணக்கிட்டு, அனுபவமிக்க அறுவை மருத்துவர்களுக்கு அந்தச் சிறுபெண் வழிகாட்டினார். அக்காலத்தில் கதிர்களிலிருந்து தகுந்த பாதுகாப்பு இல்லை. அதன் விலை வெகுநாள் கழித்துத் தெரிந்தது.

போர் முடிந்தபோது பாரிசின் ரேடியம் நிலையத்தில் கட்டடம் இருந்தது, ரேடியம் ஒரே ஒரு கிராம்தான் இருந்தது. ரேடியத்தைக் கண்டுபிடித்தவருக்கே அதை வாங்க வசதியில்லை. இதைக் கேள்வியுற்ற அமெரிக்கப் பெண் பத்திரிகையாளர் ஒருவர் தம் நாட்டுப் பெண்களிடம் நிதி திரட்டினார். சுமார் 1,00,000 டாலர் சேர்ந்தது. 1921 மே 20 அன்று வாஷிங்டனில் ஜனாதிபதி ஹார்டிங் ஒரு கிராம் ரேடியத்தை மேரி அம்மையாருக்கு வழங்கினார். ஐரீனும் தங்கை ஈவும் உடனிருந்தார்கள். அன்பளிப்புப் பத்திரத்தில் தம் பெயர் இருக்கக்கூடாது, தமக்குப் பின் அது மகள்களின் சொத்தாகிவிடும், ஆய்வுக்கூடத்துக்கே உரியதாக எழுதவேண்டும் என்று முதல்நாள் இரவே வழக்கறிஞரை வரவழைத்து மாற்றச் செய்தார் மேரி. மகள்களும் அதற்கு உடன்பட்டார்கள்.

உயர்ந்த செயல்தான், ஐயமில்லை. ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். இரண்டு நோபெல் பரிசு பெற்றவருடைய ஆய்வுக்கூடம் கடல் கடந்த நல்லவர்களின் தயவில் நின்றது. பெயர் பெற்றவர்க்கு அப்படியாவது வழி பிறந்தது. பெயர் பெறாத இளைஞர்களுக்கு?

பிரான்சில் 1901 முதலே அரசின் ஆராய்ச்சி நிதி ஒன்று இருந்தது. அது கருவி வாங்கவும் சோதனைச் செலவுக்கும் சிறு தொகைகள் தரும். ஆராய்ச்சி செய்பவருக்குச் சம்பளம் தராது. பாத்திரம் வாங்கக் காசு உண்டு, சமைப்பவரின் பசிக்கு வழி இல்லை என்பதுபோல. ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளோ, பாடம் நடத்திக் களைத்த பின் இரவில் சோதனை செய்யும் ஆசிரியர்களோதான் ஆராய்ச்சியில் நிலைக்க முடிந்தது. கணித அறிஞர் எமீல் போரல் நாடாளுமன்ற உறுப்பினராகி, தொழிற்சாலைகள் கொடுக்கும் கூலித் தொகையின்மீது ஒரு மிகச் சிறிய வரியை 1925 இல் கொண்டுவரச் செய்தார். அப்பணம் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றது. அடுத்து எழுந்தவர்தான் நம் பழைய இரசாயன வாத்தியார் ஜான் பெரென். 1926 இல் பௌதிக நோபெல் பரிசு பெற்றவர் அவர். அமைச்சர் அமைச்சராக, கட்சி பாராமல் படியேறினார். 1930 இல் தேசிய விஞ்ஞான நிதி என்ற அமைப்பு உருவாயிற்று.

அந்த நிதி வேலை செய்த முறை எளிமையானது. திறமையுள்ள இளம் ஆராய்ச்சியாளருக்கு முதலில் உதவித்தொகை. வேலையில் முன்னேற முன்னேறப் படிப்படியாக உயர்ந்த நிலைகள். மேல்படியில் இருப்பவர் ஆராய்ச்சி இயக்குநர். பேராசிரியர் பதவி காலியாகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பாடம் நடத்தும் கட்டாயமும் இல்லை. ஆராய்ச்சியே ஒருவரின் தொழிலாக இருக்கலாம் என்று ஒரு நாடு ஏற்றுக்கொண்டது. இன்று நமக்கு இது சாதாரணமாகத் தோன்றுகிறது. அன்று புதுமை.

இந்த நிதியின் பயனை ஐரீன் தம் வீட்டிலேயே கண்டார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் 1925 ஆம் ஆண்டு வாக்கில் பிரெடரிக் ஜோலியோ என்ற இளைஞர் உதவியாளராகச் சேர்ந்தார். கதிரியக்க வேலையை அவருக்குக் கற்பிக்கும் பொறுப்பு ஐரீனுடையது. ஐரீன் அதிகம் பேசமாட்டார்; வணக்கம் சொல்லக்கூட மறந்துவிடுவார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் குறைப்பட்டதுண்டு. ஜோலியோவோ கலகலப்பானவர். இருவருக்கும் ஒத்துப்போகாது என்று எல்லோரும் நினைத்திருக்க, 1926 இல் திருமணம் செய்துகொண்டார்கள். மகள் ஒன்று, மகன் ஒன்று பிறந்தனர். 1930 இல் ஜோலியோ டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் குடும்பம் நடத்தப் போதிய வருமானம் இல்லை. ஆராய்ச்சியை விட்டுத் தொழிற்சாலையில் என்ஜினீயராகப் போய்விடலாமா என்று எண்ணினார். அந்தச் சமயத்தில் பெரென் தலையிட்டுப் புதிய நிதியிலிருந்து உதவித்தொகை பெற்றுத் தந்தார். ஜோலியோ தங்கிவிட்டார்.

தங்கியதால் என்ன விளைந்தது? முதலில் ஒரு தோல்வி விளைந்தது என்பதை மறைக்கக்கூடாது. 1932 ஜனவரியில் கணவனும் மனைவியும் ஒரு விந்தையான கதிரைக் கண்டார்கள். அது மெழுகிலிருந்து புரோட்டான்களைத் தெறிக்கச் செய்தது. அது காமாக் கதிர் என்று தவறாக விளங்கிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் சாட்விக் அதைப் படித்துவிட்டு, ஒரு மாத காலத்துக்குள் அது நியூட்ரான் என்னும் புதிய துகள் என்று நிரூபித்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஐரீன் சோர்ந்து உட்காரவில்லை.

1934 ஜனவரியில் ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டின்மீது பொலோனியத்தின் ஆல்ஃபாத் துகள்களைப் பாயவிட்டார்கள். பிறகு பொலோனியத்தை அகற்றினார்கள். எண்ணும் கருவி நிற்கவேண்டும், நிற்கவில்லை. தகடே கதிர் வீசிக்கொண்டிருந்தது! சுமார் மூன்று நிமிடத்துக்கொருமுறை பாதியாகக் குறைந்து மறைந்தது. இயற்கையில் இல்லாத கதிரியக்கப் பாஸ்பரஸ் அத்தகட்டில் உண்டாகியிருந்தது. அதைச் சில நிமிடங்களுக்குள் அமிலத்தில் கரைத்துப் பிரித்துக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் சான்று மறைந்துபோகும். தேர்ந்த இரசாயனக் கைகளுக்கே அது முடியும். செய்து காட்டினார்கள். நோயுற்றிருந்த தாயின் கையில் அந்தச் சிறு கண்ணாடிக் குழாயைக் கொடுத்தார்கள். அவர் அதைக் கருவியருகே கொண்டுபோய், டிக் டிக் என்ற ஒலியைக் கேட்டு முகம் மலர்ந்தார். அதே ஆண்டு ஜூலை 4 அன்று மேரி அம்மையார் காலமானார். 1935 இல் கணவன் மனைவி இருவருக்கும் இரசாயன நோபெல் பரிசு கிடைத்தது. மருத்துவமனையில் தைராய்டு நோய்க்குக் கொடுக்கப்படும் கதிரியக்க அயோடின் போன்றவையெல்லாம் அந்த அலுமினியத் தகட்டின் வழித்தோன்றல்களே. ஓர் இளைஞர் வேலை தேடிப் போகாமல் தடுத்த உதவித்தொகைக்கு இதில் பங்கு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இப்பொழுது 1936. பிரான்சில் புதிய அரசு பதவியேற்றது. விஞ்ஞான ஆராய்ச்சிக்கென்று முதன்முறையாகத் தனித் துணை அமைச்சர் பதவி ஏற்படுத்தப்பட்டது. பிரதமர் லெயோன் புளூம் அதை ஐரீனுக்கு அளித்தார். அந்த அரசில் அவரோடு மூன்று பெண்கள் இடம் பெற்றனர். இதில் ஒரு விசித்திரம் பாருங்கள்: அன்று பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமையே இல்லை. 1944 இல்தான் அது வந்தது. வாக்குப் போட முடியாதவர் அமைச்சரவையில் இருந்தார்!

ஐரீனுக்குப் பதவி ஆசை கிடையாது. விழா, விருந்து, வரவேற்பு எதுவும் பிடிக்காது. உடலும் நலமாக இல்லை. காசநோய் அவரை விட்டு விட்டு வாட்டியது. ஆயினும் இரண்டு காரணங்களுக்காக ஒப்புக்கொண்டார். பெண்கள் பொதுப் பொறுப்புக்கு உரியவர்கள் என்று காட்ட வேண்டும். ஆராய்ச்சிக்கு அரசின் வரவு செலவுத் திட்டத்தில் நிரந்தர இடம் வேண்டும். சில மாதங்களே இருப்பதாகப் பேச்சு. அப்படியே அந்த ஆண்டின் இலையுதிர் காலத்துக்குள் ஜான் பெரெனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார். பத்து வயதில் இரசாயனம் கற்றுக்கொடுத்தவரிடமே நாற்காலியைக் கொடுத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவர் தொடங்கிவைத்த பதவியின் மூலம் பெரென் பல காரியங்களைச் சாதித்தார். 1935 இல் பழைய நிதியும் புதிய நிதியும் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன. 1939 அக்டோபர் 19 அன்று, இரண்டாம் உலகப் போர் தொடங்கி ஏழு வாரங்கள்கூட ஆகாத நிலையில், அது தேசிய விஞ்ஞான ஆராய்ச்சி மையமாக மலர்ந்தது. இன்று அம்மையத்தில் 30,000 பேருக்கு மேல் பணிபுரிகிறார்கள். பெரென் அதன் வளர்ச்சியைக் காணவில்லை. நாடு ஜெர்மானியர் வசமான பின் அமெரிக்கா சென்று 1942 இல் நியூயார்க்கில் இறந்தார்.

போருக்குப் பின் ஐரீன் தாய் நிறுவிய ரேடியம் நிலையத்தின் இயக்குநரானார். பிரான்சின் அணுசக்தி ஆணையத்திலும் உறுப்பினராக இருந்தார். நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார்: 1950 ஜனவரியில் கல்கத்தாவில் மேகநாத் சாகா அமைத்த அணுப் பௌதிக நிலையத்தைத் திறந்து வைத்தவர் அவரே. ஆனால் சொந்த நாட்டு விஞ்ஞானக் கழகம் மட்டும் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. 1911 இல் தாயை ஏற்க மறுத்த அதே கழகம் மகளையும் மறுத்தது. அவர் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். கிடைக்காது என்று தெரிந்தே விண்ணப்பித்தார். பெண்களை விலக்கும் வழக்கம் ஒவ்வொரு முறையும் ஊரறியட்டும் என்பது அவர் எண்ணம். அக்கழகத்தில் ஒரு பெண் முழு உறுப்பினரானது 1979 இல்.

பாரிசு நகர ஆய்வுக்கூடம் பெரிய கருவிகளுக்கு இடம் போதாமல் திணறியது. நகருக்குத் தெற்கே ஓர்சே என்ற ஊரில் புதிய அணுப் பௌதிக ஆய்வுக்கூடம் அமைக்க ஐரீன் திட்டம் வகுத்தார். தாய்க்கு ஒரு கிராம் ரேடியத்துக்கு அமெரிக்கா செல்லவேண்டியிருந்தது. மகளுக்கு இம்முறை அரசே பணம் ஒதுக்கியது. கட்டட வரைபடங்களை விரித்து வைத்து, எந்த அறை எங்கே வரவேண்டும் என்று அவரே பார்த்தார். இளம் வயதிலிருந்து உடலில் பாய்ந்த கதிர்கள் இரத்தப் புற்றுநோயாக வெளிப்பட்டன. 1956 மார்ச் 17 அன்று, தம் தாயின் பெயர் தாங்கிய மருத்துவமனையிலேயே ஐரீன் கண்மூடினார். வயது 58. ஓர்சே வேலையைக் கணவர் ஜோலியோ ஏற்று நடத்தினார். இரண்டு ஆண்டுகளில் அவரும் மறைந்தார். ஆனால் அதற்குள் ஓர்சேயில் கட்டடங்கள் எழும்பிவிட்டன.